செம்பாட்டான் ஒன்பது வீதம் இறக்கம்

ஷட்டரை அரைவாசி இறக்கிவிட்டோம்.
கஸ்தூரியார் வீதியில் நகைக்கடைகள் பூட்டியாயிற்று.
நியூயோர்க்கில் இப்போதுதான் கடை திறக்கிறார்கள்,
நமக்கு இரவு ஏழு மணி.

என் மேசையில் சூடுகாற்றுக் குழாய், ஈயக்கம்பி,
செத்த போன்கள் பதினொன்று,
அவற்றின் நடுவே துஷாளினியின் மடிக்கணினி.
பணம், நாலு பேரின் சீட்டுக்காசு.
கணக்கு, கனடாவில் இருக்கும் அவள் தமையன் பெயரில்.

கம்பனிகளின் பெயரை வெளியில் சொல்வதில்லை.
கண்ணூறு ஒருபக்கம்,
எதிர்க்கடை ஜெயசீலனின் காது ஒருபக்கம்.
அதனால் மாம்பழப் பெயர் வைத்தோம்:
பெரியது கறுத்தக்கொழும்பான்.
துரத்தி வருவது செம்பாட்டான்.

யூட், கறுத்தக்கொழும்பான் கட்சி.
"சிப்பை ஆரும் கீறலாம் மச்சான்.
அதிலை வேலை செய்யிற மென்பொருளைப்
பதினைஞ்சு வருசமாப் பெடியள் படிச்சு வைச்சிருக்கிறாங்கள்.
கைப்பழக்கத்தை எப்பிடிப் பறிக்கிறது?"
குருநகரில் ஐஸ் ஆலை வைத்திருப்பவன்.
ஒரு ஆலைக்குப் பழகிய படகுக்காரர்
கட்டிக்கு இருபது ரூபா கூடினாலும் மாறார்கள் என்பது
அவனுடைய பொருளியல்.

துஷாளினிக்கு மருந்துக்கடை.
ஒரே மருந்து, வேறு பெட்டி, அரை விலை:
"சனம் முதல் மாசம் தயங்கும்.
ரெண்டாம் மாசம் பெட்டியின்ரை நிறத்தையே மறந்திடும்."

நான் இரண்டையும் கழற்றிப் பார்த்தவன்.
உருப்பெருக்கியின் கீழ் இரண்டும் ஒரே சாம்பல்.
இரண்டும் அச்சாவது ஒரே தீவில், ஒரே ஆலையில்.
"அடிமரம் ஒண்டு, ஒட்டுத்தான் ரெண்டு" என்றேன்.

"அப்ப அந்தத் தீவிலை ஏதும் நடந்தால்?"
கேட்டவன் கேதாரன்.
அறிக்கையில் அதற்கும் ஒரு வரி இருந்தது,
புவிசார் அரசியல் ஆபத்து, குறிப்பு பதினேழு.
நாலு பேரும் அந்த வரியை வாசித்தோம்.
ஒருவரும் கல்குலேற்றரை எடுக்கவில்லை.
யூட் எழும்பிப்போய்ப் பிளேன்ரீக்குச் சொன்னான்.

செம்பாட்டான் வாங்குவது என்று முடிவாகி
வீட்டுக்குப் போனோம்.
காலாண்டு அறிக்கை இரவு ஒன்று முப்பத்தைந்துக்கு.
நாலு நுளம்புவலைக்குள் நாலு வெளிச்சம்,
அழைப்பில் எல்லோரும் குசுகுசுப்பு.
வருமானம் கூடியிருந்தது. லாபம் கூடியிருந்தது.
அடுத்த காலாண்டும் கூடுமாம்.
துஷாளினி மூன்று பட்டாசுப் படம் அனுப்பினாள்.

ஒன்று நாற்பத்தொன்றுக்கு விலை சரியத் தொடங்கியது.
மூன்று வீதம். ஐந்து.
"என்ன பிழை?"
"ஒரு பிழையும் இல்லை."
"பிறகேன்?"
ஒன்பது.

கேதாரனுக்குப் புன்னாலைக்கட்டுவனில் நாலு பரப்பு வெங்காயம்,
விடிய நாலு மணிக்குத் தண்ணீர் இறைக்க எழும்ப வேண்டியவன்.
கொட்டாவிக்கு நடுவே சொன்னான்:
"நல்ல விளைச்சல் எண்டு வியாபாரிக்குப் போன மாசமே தெரியும்.
அந்த விலையை அப்பவே போட்டிட்டான்.
இப்ப நீ மூட்டையை அவிட்டுக் காட்ட,
அவன் அடுத்த போகத்தைக் கேக்கிறான்.
படுங்கோ."

காலை ஒன்பதரைக்கு ஒரு ரீச்சர்,
கிணற்றுவாளிக்குள் விழுந்த போனோடு.
மின்சாரம் பங்கிடும் சிப் எரிந்திருந்தது.
செத்த பதினொன்றில் ஐந்தாவதில் நல்லது ஒன்று கிடந்தது.
முந்நூற்றைம்பது பாகையில் காற்றை வைத்து
மூச்சைப் பிடித்து இடுக்கியால் தூக்கினேன்:
சின்னவிரல் நகத்திலும் சின்னது,
எந்த மாம்பழத்தினதும் அல்ல.

"எவ்வளவு தம்பி?"
நாலாயிரம்.
"போனமுறை மூவாயிரத்தைந்நூறுக்குச் செய்தனீங்கள்."
போனமுறை எது என்று எனக்கு நினைவில்லை.
அவருடைய திரை வெளிச்சமாகி நேரம் காட்டியது.
என்னுடையதில் துஷாளினி:
இன்னும் கொஞ்சம் வாங்குவமா?

ரீச்சர் மூவாயிரத்தைந்நூறை எண்ணி
மேசையில் வைத்தார்.
கையை இன்னும் எடுக்கவில்லை.